சோதனைப் பெட்டிக்கு ஒரு பரீட்சை

கடல்நீர்த் தொட்டி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்க்க வந்தால், உட்கார்ந்த உடனே கேட்பது ஒரே கேள்விதான். "எந்த டெஸ்ட் கிட் நல்லது மேடம்?" காபி ஆறுவதற்குள் பதில் வேண்டும் அவர்களுக்கு. கம்பெனிப் பெயர் சொல்வதில்லை என்று நான் வைத்திருக்கிறேன். ஏதோ தொழில் ரகசியத்தை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு கிட் நல்லதா என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது, பெட்டியின் அழகு சொல்லவே முடியாது. நீங்கள்தான் அதற்கு ஒரு பரீட்சை வைத்துப் பார்க்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட இடம் சிதம்பரம்.

அறுபதுகளில் கடலூரில் ஒரு சிறிய கடல்மீன் காட்சியகம் இருந்தது. அங்கே தண்ணீரைச் சோதிக்கிற வேலை எனக்கு. கிட் என்ற சொல் அப்போது புழக்கத்தில் இல்லை; சோதனைப் பெட்டி என்போம். நான் கடலோரக் குப்பத்துப் பெண். எங்கள் குடும்பத்தில் காலேஜில் ரசாயனம் படித்து, மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள். காட்சியகத்துக்குக் கடல்நீர் கொண்டுவந்து கொடுத்தவர் என் தாய்மாமா. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அவர்தான் கொடுத்துவந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்த தகராறு முழுவதும் இதைச் சுற்றித்தான்.

மாமா தண்ணீர் எடுப்பதை ஒரு விரதம் மாதிரி செய்வார். உப்பனாறு கடலில் சேருகிற இடத்தில் பீப்பாயை நிரப்பினால் பாதிப் பாடு மிச்சம். ஆனால் அங்கே ஊர்க் கழிவும் துறைமுக எண்ணெயும் கலந்திருக்கும். மாமா அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் படகை விட்டு, கரையில் நிற்கிற பனைமரம் குச்சியாகத் தெரிகிற தூரம் போய்த்தான் நிரப்புவார். யாரும் கூடப் போய்ப் பார்த்ததில்லை. அவர் சொல்வார், நாங்கள் நம்புவோம்.

ஒரு வருஷம் ஆனித் திருமஞ்சனத்தை ஒட்டிச் சிதம்பரத்தில் பொருட்காட்சி போட்டார்கள். எங்களுக்கும் ஒரு கொட்டகை கிடைத்தது. தேர் பார்க்க வருகிற கூட்டம் அப்படியே கடல்மீனையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று எங்கள் சூப்பிரண்டுக்கு ஆசை. சூப்பிரண்டு என்பது காட்சியகத்தின் தலைமை அதிகாரி. நேர்மையானவர், ஆனால் அவசரக்காரர். கண்ணாடித் தொட்டிகளையும் பீப்பாய்களையும் லாரியில் ஏற்றி, ஆலப்பாக்கம் வழியாகக் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். கடல் குதிரை, பேத்தை, கிளாத்தி மீன்கள், இறால், நண்டு, பாறையோடு பெயர்த்தெடுத்த, பூ மாதிரி விரிகிற கடல் சாமந்தி எல்லாம் இருந்தன. கடல் குதிரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு. எங்களுக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

முதல் நாள் எல்லாம் துருதுருவென்று இருந்தன. ஆனி மாதத்து வெயிலில் தண்ணீர் வற்றும், அழுக்கும் சேரும். அதனால் தினமும் கொஞ்சம் எடுத்துவிட்டு, கையிருப்பிலிருந்து புதுத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அந்த வேலையும் மாமாவுடையதுதான். மறுநாள் இறால்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. அடுத்து நண்டு. கடல் சாமந்தி விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு சதைக் குமிழாக உட்கார்ந்துவிட்டது. மீன்கள் இரையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. திருமஞ்சனத்தன்று ஜில்லா அதிகாரி கொட்டகைக்கு வருவதாக வேறு சொல்லியிருந்தார்கள்.

சூப்பிரண்டு தன் சோதனைப் பெட்டியைத் திறந்தார். வெளிநாட்டுச் சரக்கு. தேக்குப் பெட்டி, உள்ளே பச்சை வெல்வெட்டு, வரிசையாக வண்ணக் கண்ணாடி வில்லைகள். அதைத் தொடுவதற்கு முன் சூப்பிரண்டு கை அலம்பிக்கொள்வார். மீன் கழிவும் மிச்ச இரையும் அழுகினால் தண்ணீரில் அம்மோனியா சேரும். தொட்டி மீனுக்கு அதுதான் முதல் எமன். பெட்டியில் இருக்கிற மருந்தைச் சொட்டு விட்டால், அம்மோனியா இருக்கிற அளவுக்குத் தண்ணீர் மஞ்சளாகும். தொட்டித் தண்ணீரில் விட்டார். கலங்கி மஞ்சளாக நின்றது. மாமா ஊற்றுவதற்கு வைத்திருந்த கையிருப்பிலும் விட்டார்; அதே மஞ்சள்.

"மீனே போடாத தண்ணியில அம்மோனியா எப்படி வரும்?" என்றார் சூப்பிரண்டு, மாமாவைப் பார்த்து. "உண்மையச் சொல்லுங்க. உப்பனாத்துல எடுத்தீங்களா?"

"கடல்லதான் சார் எடுத்தேன். அலைக்கு அந்தாண்ட போயி."

"பெட்டி வேற மாதிரி சொல்லுதே."

"பெட்டி படகுல கூட வந்துச்சா சார்?" என்றார் மாமா.

கொட்டகையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சூப்பிரண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. திருமஞ்சனம் முடிந்ததும் தண்ணீருக்கு வேறு ஆள் பார்ப்பதாகவும், ஆற்றுத் தண்ணீர் கொடுத்ததாகவே மேலே எழுதப்போவதாகவும் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் மாமா பட்டினி கிடக்கப்போவதில்லை. படகும் வலையும் இருந்தன. ஆனால் ஆற்றுத் தண்ணீரைக் கடல் தண்ணீர் என்று கொடுத்து ஏமாற்றியவன் என்ற பேச்சு குப்பத்துக்குள் வந்துவிட்டால், அவரால் அங்கே தலை நிமிர்ந்து நடக்க முடியாது. எனக்கு அது தெரியும்.

என்னிடம் இன்னொரு பெட்டி இருந்தது. மெட்ராஸில் வாங்கிய சாதாரண அட்டைப் பெட்டி. ஒரு திரவம், கூடவே பிளீச்சிங் பவுடர். அம்மோனியா இருந்தால் தண்ணீர் நீலமாகும். நான் மாமாவின் தண்ணீரில் கலந்து பார்த்தேன். நீலத்தின் சாயலே இல்லை, பளிங்கு மாதிரி நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சோதனைக் குழாயைத் தூக்கிக்கொண்டு சூப்பிரண்டிடம் ஓடினேன்.

சூப்பிரண்டு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க பெட்டி நல்ல பெட்டின்னு எதுக்கு நம்பறீங்க? உங்க மாமாவுக்குச் சாதகமா சொல்லுதுன்னா?"

எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு, அவருடைய பெட்டியை அவர் நம்புவது வெல்வெட்டுக்காகவா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு பெட்டிகளும் எதிரும் புதிருமாகச் சொல்கின்றன. அவரவருக்குப் பிடித்ததை அவரவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். இளையவர்களே, இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மனசுக்கு இதமாகப் பேசுகிற கிட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

"தண்ணியச் சோதிக்கிறத நிறுத்திட்டு, முதல்ல பெட்டிகளச் சோதிச்சுப் பார்த்துடலாம் சார்" என்றேன். "நீங்களே மாமாகூடப் படகுல போயி, உங்க கையால கடல்தண்ணி எடுத்துட்டு வாங்க. அது ஒரு பாட்டில். அதே கடல்தண்ணியில வேணும்னே அம்மோனியா உப்பக் கலந்து ஒரு பாட்டில். இங்கத்திக் கெணத்துத் தண்ணி ஒண்ணு, தொட்டித் தண்ணி ஒண்ணு. எதுல எதுன்னு எனக்குத் தெரிய வேணாம். அடையாளம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் ஒப்புக்கொண்டார். அதற்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். அந்தக் காலத்து அதிகாரி, நேற்று வந்த பெண் சொன்னதைக் கேட்டுப் படகு ஏறுவது சின்ன விஷயமில்லை. அதுவும் கடல் ஒத்துக்கொள்ளாத மனிதர். காலையில் சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்தார். தொட்டிகளுக்கும் ஆகட்டும் என்று, அந்தத் தண்ணீர் பெரிய கண்ணாடி ஜாடிகள் பலவற்றில் வந்தது. கூடவே கடலூர்த் தொட்டிகளிலிருந்து தெம்பான இறால் கொஞ்சமும் கொண்டுவந்தார்.

அவர் வருவதற்குள் நான் அம்மோனியா உப்புக்கு அலைந்தேன். பொருட்காட்சிக்குப் போகிறோம் என்று ஆய்வக மருந்து எதையும் எடுத்து வரவில்லை. கடைசியில் ஈயம் பூசுகிறவர் ஞாபகம் வந்தது. பித்தளைப் பாத்திரத்தின் உள்பக்கம் ஈயம் பூசும்போது தேய்க்கிற நவச்சாரம்தான் அம்மோனியா உப்பு. தேரோடும் வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பாய் துருத்தி ஊதிக்கொண்டிருந்தார். நவச்சாரம் வேண்டும் என்றேன்.

"எந்தப் பாத்திரத்துக்கும்மா?" என்றார்.

"பாத்திரத்துக்கு இல்ல பாய். தண்ணியில போடறதுக்கு."

"தண்ணியிலயா?" அவர் ஒரு கட்டியை உடைத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "ஜாஸ்தி போட்டுடாதீங்கம்மா. யாருக்குக் குடுக்கப் போறீங்களோ, தெரியல" என்று சிரித்தார்.

பரீட்சை சாயங்காலம் கொட்டகைக்குள்ளேயே நடந்தது. மாமா ஓர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் தேக்குப் பெட்டி. கிணற்றுத் தண்ணீர் தெளிவாக நின்றது. மற்ற எல்லாமே கலங்கி மஞ்சளாயின. சூப்பிரண்டு தன் கையால் நடுக்கடலில் மொண்டு வந்த தண்ணீரும் மஞ்சள்தான். அந்தப் பெட்டி குடிநீருக்காகச் செய்தது. கடல்நீரில் இருக்கிற உப்புகளோடு அந்த மருந்து சேர்ந்தால் எப்படியும் கலங்கும். கலங்கலில் மஞ்சள் தூக்கலாகத் தெரிகிறது. அதன் கணக்கில் வங்காள விரிகுடா முழுவதுமே சாக்கடைதான்.

அடுத்தது என் பெட்டி. கிணற்றுத் தண்ணீர் நீலமாகவில்லை. தொட்டித் தண்ணீர் நீலமாகவில்லை. நவச்சாரம் கரைத்த பாட்டிலும் நீலமாகவில்லை. நான் பவுடர் டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். பிளீச்சிங் பவுடர் என்றால் மூக்கைத் துளைக்க வேண்டும். சுண்ணாம்பு வாடைதான் வந்தது. கடலூர் உப்புக்காற்றில் மூடி சரியாக இல்லாமல் கிடந்து, வீரியம் போய்விட்டது. அந்தப் பெட்டி விஷத்தையே ஊற்றினாலும் நல்ல தண்ணீர் என்றுதான் சொல்லும். அதைத் தூக்கிக்கொண்டு நான் ஓடியதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.

"அப்போ ரெண்டும் உதவாது" என்றார் சூப்பிரண்டு, பெட்டியை மூடிக்கொண்டே. பிறகு மாமாவிடம், "நான் சொன்னதுக்கு ஆதாரமில்ல. மனசுல வச்சுக்காதீங்க" என்றார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் அத்தோடு கலைந்திருக்கலாம். ஆனால் தொட்டியில் உயிர்கள் இன்னும் செத்துக்கொண்டுதான் இருந்தன. நான் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். பீப்பாயிலிருந்து நேராகத் தொட்டிக்குப் போன தண்ணீரில் முதல் நாள் எல்லாம் நன்றாக இருந்தன. புதுத் தண்ணீர் ஊற்ற ஊற்றத்தான் சாவு. அழுக்குச் சேர்ந்து சாவதென்றால், தண்ணீரை மாற்ற மாற்ற அல்லவா தெளிய வேண்டும்? இங்கே தலைகீழாக இருந்தது. அதுவும் முதலில் போனவை மீன்கள் அல்ல; இறாலும் நண்டும். அப்போதுதான் சந்தில் பாய் கேட்டது திரும்ப வந்தது. எந்தப் பாத்திரத்துக்கு?

கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கையிருப்புத் தண்ணீர் பீப்பாயில் இல்லை. மாமாவின் மனைவி, என் அத்தை கொண்டுவந்த கல்யாணச் சீர் அண்டாவில் இருந்தது. வெளியே தங்கம் மாதிரி மின்னியது. உள்ளே எட்டிப் பார்த்தால், வருஷக்கணக்காக அத்தை புளி போட்டுத் தேய்த்ததில் ஈயம் முழுவதும் போய், வெறும் பித்தளை தெரிந்தது. தண்ணீர் நின்ற மட்டத்தில் பச்சையாக ஒரு கோடு. களிம்பு. ஈயம் போன பித்தளையில் மோர் ஊற்றினால் களிம்பேறும், வயிற்றுக்கு ஆகாது என்று எந்த வீட்டிலும் தெரியும். புளிப்புக்கு ஆகாதது உப்புக்கும் ஆகாது என்று ரசாயனம் படித்த எனக்குத் தோன்றவில்லை. பித்தளையில் பாதிக்குமேல் செம்பு. செம்பு கரைந்த தண்ணீரில் இறாலும் நண்டும்தான் முதலில் போகும்.

"எதுக்கு மாமா பீப்பாய்லேர்ந்து மாத்தனீங்க?"

"பீப்பா கருப்பா, தாரும் கவிச்சியுமா கெடக்குது. சாமி ஊருக்கு வரோம். எல்லாரும் பாக்கற எடத்துல அதுலேர்ந்து மொண்டு ஊத்தனா, குப்பத்துக்காரன் கொண்டாந்த லட்சணத்தப் பாருன்னு பேச மாட்டாங்களா? அதான் உங்கத்த அண்டாவத் தேச்சு எடுத்தாந்தேன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று நெஞ்சு சொன்னது. குற்றமோ இல்லையோ, அந்த அண்டாதான் காரணம் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. விஷயத்தை எடுத்துச் சொன்னேன். அவர் அந்தப் பச்சைக் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சாரண்ட சொல்லப் போறியா பாப்பா?"

"சொல்லணும் மாமா."

"சத்தமில்லாம அண்டாவ எடுத்து லாரில வச்சிட்டாப் போதாதா? இப்பதான் அவரு என்ன நம்பறாரு."

அப்படிச் செய்திருக்கலாம். அன்று ராத்திரியே சாவு நின்றிருக்கும். ஆனால் அதற்கப்புறம் என்ன பேசுவார்கள்? சார் எடுத்து வந்த தண்ணீர் ஊற்றினதும் மீன் பிழைத்துக்கொண்டது, ஆகவே மாமாவின் தண்ணீர்தான் கெட்டது என்பார்கள். வாயை மூடிக்கொண்டால் காப்பாற்றப்படுவது அவருடைய வேலை. போவது அவருடைய பெயர். நான் அதை அவரிடம் சொன்னேன். அவருக்கு அது ஏறவில்லை. "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார்.

இந்த முறை பெட்டி எதையும் நம்பவில்லை. ஒரே மாதிரிக் கண்ணாடிச் சாடிகள் மூன்றை எடுத்தேன். சார் எடுத்த கடல்தண்ணீர் ஒன்றில், பீப்பாயின் அடியில் மிச்சமிருந்த மாமாவின் தண்ணீர் இன்னொன்றில், அண்டாத் தண்ணீர் மூன்றாவதில். மூன்றிலும் தெம்பான இறால்களை விட்டேன். விடிந்ததும் சூப்பிரண்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதல் இரண்டிலும் இறால்கள் மீசையை ஆட்டிக்கொண்டு நடந்தன. மூன்றாவதில் எல்லாம் சாய்ந்து கிடந்தன. சூப்பிரண்டு குனிந்து பீப்பாய்த் தண்ணீர்ச் சாடியை வெகு நேரம் பார்த்தார். "நல்ல கடல்தண்ணி" என்றார். கொட்டகையில் எல்லோரும் கேட்டார்கள்.

தொட்டிகளைச் சார் கொண்டுவந்த தண்ணீரால் நிரப்பினோம். ஜில்லா அதிகாரி வந்தபோது கடல் குதிரைகள் நிமிர்ந்து நின்றன. கடல் சாமந்தி மட்டும் பிழைக்கவில்லை. சூப்பிரண்டு மேலிடத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார்: தண்ணீர் கடலில் எடுத்தது, சுத்தமானது; கெட்டது பாத்திரத்தால். மேலே இருக்கிறவர்கள் முதல் பாதியைப் படித்தார்களோ என்னவோ, இரண்டாம் பாதியைப் படித்தார்கள். தண்ணீர் கொடுக்கிற வேலை வேறொருவருக்குப் போயிற்று. மாமாவை ஏமாற்றுக்காரர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரில் வந்தால் கடலைப் பார்த்துக்கொண்டு போவார். செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அதனால் வலி குறைந்துவிடவில்லை.

ஆகவே, கிட் வாங்கப் போகிறவர்களே, அதற்கு முதலில் நல்ல கடல்தண்ணீரைக் காட்டுங்கள். பிறகு வேண்டுமென்றே கெடுத்த தண்ணீரைக் காட்டுங்கள். இரண்டையும் பிரித்துச் சொல்லாத கிட் எத்தனை அழகாக இருந்தாலும் அலமாரிக்குத்தான் ஆகும். தேறிய கிட்டையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். அம்மோனியாவைக் கேட்டால் அது அம்மோனியாவுக்குத்தான் பதில் சொல்லும். செம்பைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

அடுத்த காணும் பொங்கலன்று அத்தை ஆள் அனுப்பி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். போனேன். மாமா எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், தலை நிமிரவில்லை. அத்தை எனக்கு மீன் குழம்பு ஊற்றக் கரண்டியைத் தூக்கினாள்.

"இரு இரு" என்றார் மாமா, அத்தையிடம். "கொழம்ப எந்தப் பாத்திரத்துல வச்ச? மொதல்ல அதச் சொல்லு. டெஸ்ட் பண்றவங்க வந்திருக்காங்க."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழம்பு மண்சட்டியில்தான் இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காரம் ஜாஸ்தி என்று சொல்லிச் சமாளித்தேன். இன்னும் வாயிலேயே வைக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டு, மாமா கரண்டியை வாங்கித் தன் கையால் ஊற்றினார்.